சோப்பு டப்பா ரவுட்டர்

குறுக்குப்பாறை பஜாரில் ஒரு குருவும் ஒரு சிஷ்யையும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு.

குரு ஜெசிந்தா செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். சிஷ்யை சண்முகக்கனி மேலே தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருந்தாள். அவர்களுக்குக் குரு, சிஷ்யை என்று பெயர் வைத்தது எதிர்க்கடை டெய்லர். கிண்டலுக்கு வைத்தான். அதுவே நிலைத்துவிட்டது.

கனியின் புருஷன் தங்கச்சாமி ஃபேக்டரியில் இலை வாட்டுகிற இடத்தில் வேலை பார்த்தவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. பேச்சும் போனது. கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா வியாழக்கிழமை தோறும் நாலு மணிக்கு வீடியோவில் வந்து அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தாள். இலவசம். அதனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். தொடர்ந்து மூன்று வாரம் வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

தங்கச்சாமிக்கு இரண்டு வாரம் போயிருந்தது.

முதல் வாரம் இடி விழுந்து வீட்டு ரவுட்டர் கருகிப்போனது. லைன் வீடுகளில் செல்போன் சிக்னல் கிடையாது. பஜாரிலிருந்து இழுத்த கம்பி மட்டும் வீட்டுக்குள் வந்து தொங்கியது. அதில் வருவதை வைஃபையாக விடுவதற்கு ஆளில்லை.

கனி கடைக்கு ஓடி வந்தாள். ஜெசிந்தா மேஜைமேல் ஒரு எலக்ட்ரானிக் போர்டை வைத்தாள். உள்ளங்கையில் அடங்கும்.

"இதுவும் கம்ப்யூட்டர்தான் அக்கா. சின்னது. இதை ரவுட்டரா மாத்தலாம்."

"மாத்திக் குடுங்க டீச்சர்."

"நீங்க மாத்துங்க."

"நான் ஏழாப்புங்க."

"அடுத்த இடி விழும்போது நான் உங்க வீட்ல இருப்பேனா?"

இரண்டாவது வாரம் படிப்பிலேயே போனது. கனிக்கு ஆங்கில எழுத்து தெரியும். சேர்த்து வாசிக்கத்தான் வராது. ஜெசிந்தா நோட்டில் எழுதிக் கொடுத்ததை, கோலப் புத்தகத்தைப் பார்த்துப் புள்ளி வைப்பது போல, ஒவ்வொரு எழுத்தாகத் தன் போனின் கறுப்புத் திரையில் போட்டாள். எல்லாம் போட்ட பிறகும் வைஃபை எழும்பவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் பார்த்தால், எந்த நாட்டில் இருக்கிறோம் என்று அந்தப் போர்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு எழுத்தில் நாட்டைச் சொன்னதும் எழும்பிவிட்டது.

கனி அதை ஒரு சோப்பு டப்பாவில் வைத்து, காற்றோட்டத்துக்கு ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டாள். சாமி படத்துக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தாள்.

மூன்றாவது வியாழக்கிழமை மத்தியானம் மூன்று முப்பத்தைந்துக்குக் கனி கடைக்குள் வந்து விழுந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"போச்சு டீச்சர். எல்லாம் போச்சு."

"செருப்பு எங்கக்கா?"

"குறுக்கு வழியில எங்கயோ கழண்டு போச்சு. அது கெடக்கட்டும். டப்பா பேச்சு மூச்சில்லாம கெடக்கு. நாலு மணிக்கு டாக்டரம்மா வருவாங்க. எந்திரிங்க."

ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. ஒரு போனின் முதுகைத் திறந்து வைத்திருந்தாள்.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"அக்கா."

"கொஞ்சம் பண்ணேன்."

"என்ன?"

"நம்ம வைஃபையில யார் யார் இருக்காங்கன்னு பாக்கச் சொல்லிக் குடுத்தீங்கள்ல. பார்த்தேன். அஞ்சு இருக்கு. என் போன், பக்கத்து வீட்டுப் பவுனு போன், பவுனு மகன் போன், எங்க டிவி. அஞ்சாவதுக்குப் பேரே இல்ல. வெறும் நம்பரு. எவனோ உள்ள பூந்திருக்கான். நாலு மணிக்கு அவன் படம் பார்க்க ஆரம்பிச்சா டாக்டரம்மா மூஞ்சி கட்டம் கட்டமா உடைஞ்சு போகும். அதான் எல்லாத்தையும் மூடிட்டு, நம்ம ஆளுங்களை மட்டும் உள்ள விடலாம்னு..."

"மூடுற வரியை முதல்ல போட்டீங்களா?"

"மொதல்ல கதவைச் சாத்துனாத்தானே டீச்சர், அப்புறம் ஆளை எண்ண முடியும்."

"நீங்க எங்க இருந்து போட்டீங்க?"

"வீட்ல இருந்துதான்."

"உங்க போன்ல இருந்து. வைஃபை வழியா."

கனி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

எதிர்க்கடையில் தையல் மெஷின் நின்றது. "என்ன, சிஷ்யை தன்னையே வெளிய வெச்சுப் பூட்டிக்கிட்டாங்களா?" என்றான் டெய்லர்.

"நீ உன் காஜாவைப் பாரு," என்றாள் கனி. பிறகு ஜெசிந்தாவிடம், "நீங்க வந்து ஒரு வரி போட்டுத் திறந்து விடுங்க. உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை," என்றாள்.

"நானும் வெளியதான் இருப்பேன் அக்கா. யார் வந்து தட்டினாலும் அது திறக்காது."

"அய்யோ."

"உக்காருங்க."

"உக்கார்ற நேரமா இது?"

"நோட்டு இருக்கா?"

கனி இடுப்பிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள். வியர்வையில் அட்டை நனைந்திருந்தது. ஜெசிந்தா பக்கத்தைத் திருப்பினாள்.

"மூடுற வரிக்கு முன்னாடி வேற எதாவது போட்டீங்களா?"

"மொத வரி போட்டேன்."

"எந்த மொத வரி?"

"எல்லாப் பக்கத்துலயும் மேல எழுதிக் குடுத்திருக்கீங்கள்ல, அதுதான். அது இல்லாம நான் எதையும் ஆரம்பிக்க மாட்டேன்."

"அது என்னன்னு தெரியுமா?"

"பிள்ளையார் சுழி மாதிரின்னு நெனைச்சேன்."

"நான் சர்ச்சுக்குப் போறவ அக்கா."

"அதான் இங்கிலீஷ்ல போட்டிருக்கீங்கன்னு நெனைச்சேன்."

தையல் மெஷின் மறுபடியும் நின்றது. ஜெசிந்தா சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"மூணு இருபத்தஞ்சு. அப்பத்தான் அவருக்கு மாத்திரை குடுத்தேன். நேரம் தெரியும்."

"அப்ப மூணே முக்காலுக்குத் திறந்துடும்."

"யார் வந்து திறப்பா?"

"நீங்கதான். அந்த மொத வரி சொல்றது அதுதான். இப்ப இருந்து இருபது நிமிஷம் பொறு, அதுக்குள்ள நான் வந்து வேண்டாம்னு சொல்லலேன்னா எல்லாக் கதவையும் திறந்து விடு. மூடப் போறதுக்கு முன்னாடி நீங்களே உள்ள ஒரு ஆளை உக்கார வெச்சுட்டுத்தான் மூடியிருக்கீங்க."

கனி பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நேரம் வராத மூச்சிரைப்பு அப்போதுதான் வந்தது.

"நெசமாவா?"

"நெசமா."

"நான் ஒண்ணும் செய்ய வேண்டாமா?"

"ஒண்ணும் செய்யாம இருந்தாப் போதும். தண்ணி குடிங்க."

கனி பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"டீச்சர்."

"ம்."

"பிளக்கைப் புடுங்கி மாட்டினா என்னாகும்?"

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

"புடுங்கினா அந்த இருபது நிமிஷக் கணக்கு மறந்துபோகும். திறக்க ஆளிருக்காது. மூடினதை எழுதி வெச்சுக்கோன்னு சொல்லலதானே?"

"அதையும் சேர்த்து ஒரே வரியாப் போட்டேன். நேரம் மிச்சமாகட்டும்னு."

"அப்ப மறுபடி உயிர் வந்ததும் மூடினது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். உள்ள இருக்குற மெமரி கார்டைக் கழட்டிக் கடைக்குக் கொண்டு வரணும். சரிபண்ண ஒரு மணி நேரம். ஏன் அக்கா, யாராவது புடுங்கப் போறாங்களா?"

கனி பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"மூணே முக்காலுக்குள்ள நான் வரலேன்னா புடுங்கி மாட்டச் சொல்லிப் பவுனுகிட்ட சொல்லிட்டு வந்தேன்."

ஜெசிந்தா போனை மேஜையில் வைத்தாள். கடிகாரத்தில் மூன்று நாற்பத்தொன்று. பவுனுவுக்குப் போன் போட வழியில்லை. லைன் வீட்டுக்குள் எந்தப் போனும் அடிக்காது. அந்த வீடுகளுக்கு இருந்த ஒரே காது அந்த டப்பா. அதுவும் மூடிக் கிடந்தது.

"குறுக்கு வழி எந்தப் பக்கம்?" என்றாள் ஜெசிந்தா.

குரு ஓடுவதைப் பஜார் அன்றுதான் பார்த்தது.

தேயிலைச் சரிவில் இருவரும் ஏறினார்கள். காலையில் பெய்த மழையில் மண் வழுக்கியது. கனி ஒற்றைச் செருப்பையும் உதறிவிட்டு முன்னால் போனாள். போய்க்கொண்டே பேசினாள்.

"பவுனு சொன்னா சொன்ன நேரத்துக்குச் செய்யறவ. ஒரு நிமிஷம் தள்ள மாட்டா. அவகிட்டப் போயி சொன்னேன் பாருங்க. வேற யாராவது சோம்பேறிகிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஏறுங்க அக்கா."

"மூணாவது வாரமும் போச்சுன்னா அவ்வளவுதான். அவருக்கு ரெண்டு வார்த்தை வர்ற மாதிரி இருந்துச்சு. தண்ணிக்கு 'த' வந்துச்சு. நான்தான் அப்பவே தண்ணின்னு சொல்லிக் குடுத்துட்டேன்."

"அவரு எதுல டாக்டரைப் பார்ப்பாரு? உங்க போன்லயா?"

"இல்ல, அவங்களே ஒரு டேப்லெட் குடுத்திருக்காங்க. அதுல..."

கனி நின்றாள்.

"டீச்சர்."

"ம்."

"அந்த அஞ்சாவது..."

"ஏறுங்க அக்கா."

லைன் வீட்டு வாசலை அடைந்தபோது நாலு மணிக்கு ஆறு நிமிடம் இருந்தது. உள்ளேயிருந்து பவுனுவின் குரல் கேட்டது.

"விடுங்கண்ணே. கை வலிக்குது. உங்க பொண்டாட்டி சொல்லித்தான் செய்யறேன். எனக்கென்ன ஆசையா?"

கனி உள்ளே போனாள். சாமி படத்துக்குக் கீழே பலகையில் சோப்பு டப்பா இருந்தது. அதன் வயர் சுவர் பிளக்கில் இருந்தது. பிளக்கின்மேல் பவுனுவின் கை. அந்தக் கையின் மணிக்கட்டைத் தங்கச்சாமி தன் இடது கையால் பிடித்திருந்தார். நாற்காலியைச் சுவர்வரை நகர்த்திக்கொண்டு வந்து பிடித்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"பாரு கனி. பத்து நிமிஷமா இப்படித்தான். நான் தொட்டேன், லபக்குன்னு புடிச்சாரு. நல்ல கை ஒண்ணுதானேன்னு நெனைச்சா இரும்பு மாதிரி இருக்கு."

"புடுங்குனியா?"

"எங்க விட்டாரு?"

ஜெசிந்தா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கக் கனியின் போனைக் கேட்டாள். வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் காட்டினாள். மூன்றே முக்காலுக்குத் திறந்திருந்தது. ஊரிலிருந்து தங்கை அனுப்பிய கோயில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

கனி சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பவுனுவுக்குத் தெரியவில்லை.

"ஏ, என் கைக்கு ஒரு பதில் சொல்லிட்டு அழுடி," என்றாள் பவுனு.

தங்கச்சாமி மெதுவாக விரல்களை விரித்தார்.

கனி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க ஏன் புடிச்சீங்க? உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் பதறிக்கிட்டு ஓடுறதைத்தானே பாத்தீங்க?"

தங்கச்சாமி டப்பாவைப் பார்த்தார். உதடு குவிந்தது.

"ப..."

"பயமா? பவுனுவா? பாவம்னு..."

ஜெசிந்தா ஒரு கையை உயர்த்தினாள். கனி நிறுத்தினாள்.

கூரைத் தகரத்திலிருந்து பழைய மழை சொட்டியது. பவுனு மணிக்கட்டைத் தேய்ப்பதை நிறுத்தினாள். தங்கச்சாமியின் கழுத்தில் ஒரு நரம்பு ஏறி இறங்கியது. கனி தன் வாயைத் தன் கையாலேயே அழுத்திக்கொண்டாள்.

"ப... ப..."

மறுபடியும் ஒன்றுமில்லை. கனியின் கண்கள் ஜெசிந்தாவைக் கெஞ்சின. ஜெசிந்தா அவளைப் பார்க்கவில்லை.

"பச்சை," என்றார் தங்கச்சாமி.

எல்லோரும் டப்பாவைப் பார்த்தார்கள். ஊசி ஓட்டைகளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பச்சை விளக்கு விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

"அது எப்பவும் எரியிறதுதானே?" என்றாள் பவுனு மெல்ல.

"உள்ள வேலை நடந்தா துடிக்கும்," என்றாள் ஜெசிந்தா. "செத்துப்போச்சுன்னா துடிக்காது."

தங்கச்சாமி ஒருமுறை தலையாட்டினார். டேப்லெட் அடித்தது.

டாக்டரம்மாவின் முகம் உடையாமல் முழுதாக வந்தது.

"வணக்கம் ஐயா. இன்னைக்கும் வர மாட்டீங்கன்னு நெனைச்சேன். அடுத்த ஆளுக்கு இன்னைக்குச் சொல்ல வேண்டியது. நல்லவேளை. அம்மா, நீங்க பக்கத்துல இருக்கீங்களா? இருங்க. ஆனா வழக்கம்போல..."

"பேச மாட்டேன் டாக்டரம்மா," என்றாள் கனி.

"போன மாசமும் அப்படித்தான் சொன்னீங்க."

பவுனு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

நாற்பது நிமிடம் பயிற்சி நடந்தது. கனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா கிண்ணத்தின் படத்தைக் காட்டியபோது கனியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. சாவியின் படத்தைக் காட்டியபோது எழுந்து வாசலுக்கே போய்விட்டாள். அங்கே ஜெசிந்தா காலில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இருவரும் உள்ளே காதை வைத்துக்கொண்டு எதிரே இருந்த தேயிலைச் சரிவைப் பார்த்தார்கள்.

"சா..." என்று உள்ளேயிருந்து வந்தது. வெகுநேரம் கழித்து, "சாவி" என்று வந்தது.

கனி ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பயிற்சி முடிந்து, அடுத்த வியாழன் நாலு மணி என்று டாக்டரம்மா குறித்துக்கொண்ட பிறகு, கனி நோட்டை எடுத்து வந்தாள். ஜெசிந்தா பக்கத்தில் இருக்க, முதல் வரியைப் போட்டாள். அடுத்து டேப்லெட்டை உள்ளே விட்டாள். பிறகு தன் போன், டிவி, பவுனு, பவுனுவின் மகன். கடைசியாக மற்றவர்களுக்கு மூடினாள். டேப்லெட்டில் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. அதை எழுதி வைத்துக்கொள்ளும்படி டப்பாவிடம் சொன்னாள். இருபது நிமிடக் கணக்கை நிறுத்தினாள்.

"அந்த மொத வரிக்கு அர்த்தம் முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா நான் இந்த ஓட்டம் ஓடியிருக்க மாட்டேன்," என்றாள்.

"மொத நாளே சொன்னேன். அப்ப நீங்க இந்தப் போர்டுக்கு ஷாக் அடிக்குமான்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க."

கனி சிரித்தாள். எட்டு மாதத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்கவில்லை. தங்கச்சாமி நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"இருட்டுறதுக்குள்ள எறங்கணும்," என்று ஜெசிந்தா எழுந்தாள்.

"சும்மா போகக் கூடாது. டீயா, காப்பியா?"

"டீ."

"சக்கரை?"

"கொஞ்சமா."

"எனக்கும் டீ. அவருக்குக் காப்பி," என்றபடி கனி அடுப்படிக்குத் திரும்பினாள்.

"அவரு சொன்னாரா?" என்றாள் ஜெசிந்தா.

கனி பாத்திரத்தோடு நின்றாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, தங்கச்சாமிக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டீயா, காப்பியா என்று கேட்டாள்.

அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை.